நடுப்பாலத்து எல்லைக்காரர்

"எல்லை வந்தாச்சு, எல்லை வந்தாச்சு! பாஸ்போர்ட்டைக் கையில எடுத்துக்கங்க. தூங்குறவங்களை எழுப்பி விடுங்க. அப்புறம் நாடு மாறினது தெரியாம எங்கயாவது முழிச்சுக்கிட்டு நிக்கப் போறாங்க!"

காவிரிப் பாலத்துல பஸ் ஏறி, நடுவுல சிவப்புப் பெயிண்ட் அடிச்ச விளக்குக் கம்பம் வந்ததும் எங்க கண்டக்டர் இப்படித்தான் கத்துவார். அந்தப் பெயிண்ட்டை அடிச்சதே அவர்தான்னு டிரைவர் அண்ணன் சொல்லுவார். இந்தப் பக்கம் திருச்சி, அந்தப் பக்கம் ஸ்ரீரங்கம், நடுவுல ஆறு. அதுவும் வருஷத்துல பாதி நாள் வெறும் மணல். எங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அவருக்கு அது ரெண்டு தேசம்.

அவரை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லைங்க. எங்க ஸ்ரீரங்கத்துல யாரைக் கேட்டாலும் "திருச்சிக்குப் போயிட்டு வரேன்"னுதான் சொல்லுவாங்க. ஒரே மாநகராட்சி, ஒரே குப்பை வண்டி. ஆனா பாலத்தைத் தாண்டணும்னா தண்ணி பாட்டில், குடை, பக்கத்து வீட்டுல ஒரு வார்த்தை, எல்லாம் வேணும். நாங்க சும்மா வாயில வச்சிருந்ததை அவர் சட்டமாவே ஆக்கிட்டார்.

நான் அப்போ பெரிய கடைவீதியில ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில வேலை பாத்துக்கிட்டிருந்தேன். தினம் காலையில ஸ்ரீரங்கத்துல ஏறி சத்திரம் பஸ் ஸ்டாண்டுல இறங்குவேன், சாயங்காலம் அதே பஸ்ஸுல திரும்புவேன். எனக்கு 'கண்ணாடிம்மா'ன்னு பேர் வச்சதும் அவர்தான். டிக்கெட்டுன்னு சொல்ல மாட்டார், விசான்னுதான் சொல்லுவார். யாராவது பையோட ஏறினா சுங்கச் சோதனை நடக்கும்.

"என்னம்மா பையில? கத்திரிக்காயா? எங்க நாட்டுல இல்லாத கத்திரிக்காயா? சரி சரி, வாசனை நல்லாயிருக்கு, விட்டேன் போங்க."

ஒரு தடவை உப்பிலியபுரத்துலருந்து ஒரு பெரியவர் சாமி தரிசனத்துக்கு வந்திருந்தார். பாஸ்போர்ட்டுன்னதும் பதறிப்போய் மடியிலருந்து ஆதார் கார்டை எடுத்து நீட்டிட்டார். பஸ்ஸே அடக்க மாட்டாம சிரிச்சுது. ஆனா இவர் சிரிக்கலை. கார்டை ரெண்டு கையாலயும் வாங்கி, போட்டோவைப் பாத்து, பெரியவர் மூஞ்சியைப் பாத்து, "சரியா இருக்குங்க ஐயா. தரிசனம் முடிச்சு பொழுதோட நாடு திரும்பிடணும்"னு சொல்லி சல்யூட் அடிச்சார். பெரியவருக்கு அவ்வளவு திருப்தி. இறங்கும்போது ஒரு கொய்யாப்பழம் கொடுத்துட்டுப் போனார்.

இதெல்லாம் வெறும் விளையாட்டுன்னுதான் நானும் ரொம்ப நாள் நினைச்சேன். அப்புறம்தான் ஒண்ணு கவனிச்சேன். இந்த மனுஷன் ஒரு நாளைக்கு ஏழு ட்ரிப்பு ஸ்ரீரங்கம் வர்றார். ஏழு ட்ரிப்பும் பஸ்ஸை விட்டு இறங்குறதில்லை.

நிஜமாத்தான் சொல்றேன். ஸ்ரீரங்கம் ஸ்டாண்டுல பஸ் பத்து நிமிஷம் நிக்கும். டிரைவர் அண்ணன் இறங்கிப்போய் டீ குடிச்சுட்டு, இவருக்கு ஒரு கிளாஸ் வாங்கிட்டு வந்து ஜன்னல் வழியா நீட்டுவார். டைம் எழுதுற ஆபீஸர் நோட்டை எடுத்துக்கிட்டு இவர்கிட்ட வரணும். படிக்கட்டுல நின்னுக்கிட்டு ஒரு கையால கம்பியைப் பிடிச்சபடி கையெழுத்துப் போடுவார். அவசரம்னா கூட பல்லைக் கடிச்சுக்கிட்டு சத்திரம் வரைக்கும் அடக்கிக்கிட்டு வருவார். அன்னைக்கெல்லாம் எல்லை அறிவிப்பு ரொம்ப வேகமா வந்து போகும்.

"ஏண்ணே இறங்க மாட்டேங்கறீங்க?"ன்னு கேட்டேன்.

"பஸ்ஸு எங்க நாட்டு மண்ணும்மா. வெளியில காலை வச்சா வேற சட்டம்"னார்.

விஷயம் என்னன்னு எனக்குச் சொன்னது மூணாவது சீட்டுல உக்காந்து வர்ற கோர்ட் சார். கோர்ட்டுல குமாஸ்தாவா இருந்து ரிட்டயர் ஆனவர். வெயிலோ மழையோ குடை இல்லாம வர மாட்டார், ஷரத்து இல்லாம பேச மாட்டார். பாலம் இறங்கினதும் மாம்பழச் சாலை முனையில ஒரு மாவுக் கடை இருக்கே, இட்லி மாவு, அடை மாவு விக்கிற கடை, அந்த அக்கா வேற யாருமில்லை, நம்ம கண்டக்டரோட பொண்டாட்டின்னு என் காதுல சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. நான் தினம் மாவு வாங்குற கடைங்க அது!

அதுக்கப்புறம் என் கண்ணு சும்மா இருக்குமா? பஸ் பாலம் இறங்கி அந்த முனையில திரும்பும்போது இவர் ரெண்டு விசில் கொடுப்பார். அங்க ஸ்டாப்பிங்கும் கிடையாது, இறங்குற ஆளும் கிடையாது. ஆனா ரெண்டு விசில். டிரைவர் அண்ணனும் ஒண்ணும் கேக்காம வண்டியைக் கொஞ்சம் மெதுவா விடுவார். கடை வாசல்ல அக்கா ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிப்பாங்க. நான் நடந்து போறப்போ பாத்திருக்கேன், மத்த நேரம் ரோட்டைப் பாத்துதான் உக்காந்திருப்பாங்க. விசில் சத்தம் கேட்டா எழுந்திரிச்சு வாசலுக்கு வந்து, முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறது. வராமலும் இருக்க முடியாது, வந்து பாக்கவும் முடியாது. புருஷனுக்கு ஏத்த பொண்டாட்டி.

சிரிச்சுக்கிட்டே போயிருப்பேன். ஆனா ஒரு நாள் காலையில ஸ்ரீரங்கம் ஸ்டாண்டுல ஒரு அம்மா படிக்கட்டுல கால் வழுக்கிக் கீழ விழுந்துட்டாங்க. இவர் கடைசிப் படியில நிக்கிறார். கையை நீட்டினார், எட்டலை. ஒரு காலைத் தூக்கினார். அந்தக் கால் அப்படியே அந்தரத்துல நின்னுது. அதுக்குள்ள டிரைவர் அண்ணன் குதிச்சு ஓடி வந்து தூக்கி விட்டார். அந்த அம்மாவுக்கு முழங்கையில சிராய்ப்பு, வேற ஒண்ணுமில்லை. ஆனா எனக்கு மூக்குக்கு மேல கோபம் வந்துடுச்சு.

"என்னண்ணே உங்க வீராப்பு? ஒரு ஆள் விழுந்து கெடக்கறப்போ கூடவா கால் இறங்காது? தூ, இதுவும் ஒரு கொள்கையா!"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டேன்.

பஸ் சத்திரத்துக்குத் திரும்புறப்போ சிவப்புக் கம்பம் வந்துச்சு, போச்சு. எல்லை அறிவிப்பே இல்லை. சத்திரத்துல எல்லாரும் இறங்கினப்புறம் என்னை நிக்கச் சொன்னார். தோள் பையோட வாரை முறுக்கிக்கிட்டே சொன்னார்.

அவர் வீடு திருச்சிப் பக்கம், சிந்தாமணியில. கல்யாணமாகி எட்டு வருஷம் அங்கதான் இருந்திருக்காங்க. அக்காவோட அம்மா கீழ விழுந்து இடுப்பு ஒடிஞ்சு படுத்த படுக்கையானதும் அக்கா ஸ்ரீரங்கத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனாங்க. வேற பிள்ளைங்க இல்லை. அந்தம்மா நடத்தின மாவுக் கடையையும் அக்காதான் பாக்கணும். இவரும் ஸ்ரீரங்கத்துக்கே வந்துடலாம்னு பேச்சு வந்திருக்கு. சொந்தக்காரங்க எல்லாம் உக்காந்திருந்த இடத்துல அக்காவோட சித்தப்பா ஒருத்தர், "வரட்டும் வரட்டும், வீட்டோட மாப்பிள்ளை. மாவாட்ட ஒரு ஆள் தேடிக்கிட்டிருந்தோம்"னு சொல்லிட்டார். எல்லாரும் சிரிச்சிருக்காங்க.

"அவங்க சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்கம்மா. இவளும் சிரிச்சா"ன்னார்.

அந்த இடத்துலயே எழுந்து நின்னு, இனிமே உங்க ஊர் மண்ணுல என் கால் படாதுன்னு சொல்லிட்டு வந்திருக்கார். அப்போ ரெண்டு வருஷம் ஆகியிருந்துச்சு.

மறுநாள் மாவு வாங்குற சாக்குல நான் அக்காகிட்ட மெதுவா ஆரம்பிச்சேன். அவங்க என்னைப் பாக்காம மாவைப் பையில ஊத்திக்கிட்டே இருந்தாங்க.

"ஆமா, சிரிச்சேன். கூட்டத்துல எல்லாரும் சிரிச்சா வாய் தானா போயிடுது. தப்புதான். அன்னைக்கு ராத்திரியே போன் பண்ணி தப்புன்னு சொன்னேனே! எடுத்தாரா? ஏழு தடவை இந்தப் பக்கம் வந்து விசில் அடிக்கத் தெரியுது, ஒரு தடவை இறங்கத் தெரியலை." பையை முடிச்சுப் போட்டுட்டு, "நான் போகலாம்தான். அம்மாவை யாருகிட்ட விட்டுட்டுப் போறது? திரும்பிப் படுக்கணும்னா கூட நான்தான் வரணும்"னாங்க. அவங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள உள்ளேயிருந்து கூப்பிடுற சத்தம் கேட்டுது. ஓடிட்டாங்க.

இந்த ரெண்டு பேரையும் சேத்து வைக்கணும்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். எனக்கு எதுக்கு இந்த வேலைன்னு எங்க வீட்டுல கேட்டாங்க. அதுக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டிருந்தா நான் நானில்லையே!

கோர்ட் சார்கிட்ட சொன்னேன். அவர் ரெண்டு நாள் யோசிச்சுட்டு, பஸ்ஸுல தொண்டையைக் கனைச்சுக்கிட்டு வாதத்தை ஆரம்பிச்சார்.

"கண்டக்டர், நீங்க சொன்ன வார்த்தை என்ன? கால் படாதுன்னுதானே? வர மாட்டேன்னு சொல்லலையே?"

"ஆமா சார்."

"அப்போ செருப்பு போட்டுக்கிட்டு இறங்குங்க. மண்ணுல படுறது செருப்பு. காலுக்கும் மண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. வார்த்தையும் நின்ன மாதிரி ஆச்சு, குடும்பமும் சேர்ந்த மாதிரி ஆச்சு. சட்டப்படி உங்களை ஒருத்தரும் ஒண்ணும் கேக்க முடியாது."

பஸ்ஸுல கை தட்டல். கண்டக்டர் தன் கால்ல கிடந்த தேஞ்ச ரப்பர் செருப்பையே கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டிருந்தார். அப்புறம், "மேலிடத்துல கேட்டுச் சொல்றேன் சார்"னுட்டு டிக்கெட் கிழிக்கப் போயிட்டார்.

மேலிடம் பதில் சொல்றதுக்குள்ள பாலத்தை மராமத்துக்காக மூடிட்டாங்க.

வண்டி எதுவும் கிடையாது. நடந்து போறவங்களை மட்டும் ஓரமா விட்டாங்க. எங்க பஸ்ஸை சத்திரத்துலருந்து வேற ரூட்டுல விட்டாங்க, பாலத்துப் பக்கமே வராது. நான் தினம் பாலத்தை நடந்து கடந்து, சத்திரம் வழியாத்தான் கடைக்குப் போவேன். முத வாரம் அவர் நல்லாத்தான் இருந்தார். "பாத்தீங்களா, எல்லையை மூடிட்டாங்க. நான் அப்பவே சொன்னேன்ல"ன்னு பெருமையா சொல்லிக்கிட்டிருந்தார். ரெண்டாவது வாரம் என்னைக் கண்டதும் கேக்க ஆரம்பிச்சார்.

"அந்த நாட்டு நிலவரம் என்னம்மா?"

"நல்லா மாவு விக்குதுண்ணே."

"அதில்லை. பொதுவா."

மூணாவது வாரம் ஷேவ் பண்றதையே விட்டுட்டார். விசிலை வாயில வச்சபடி ஊதாம நிப்பார். டிரைவர் அண்ணன் திரும்பிப் பாத்து, "என்னய்யா, போலாமா வேணாமா?"ன்னு கேக்கணும். கையும் ஓடலை காலும் ஓடலைம்பாங்களே, அப்படி. ஏழு தடவை அந்தக் கடை முனையில திரும்பினதுதான் அந்த மனுஷனுக்கு சோறும் தண்ணியுமா இருந்திருக்குன்னு எனக்கு அப்பத்தான் புரிஞ்சுது. ரொம்பப் பாவமா இருந்துச்சு.

இந்தப் பக்கம் அக்காவைப் பாத்தா அதுக்கு மேல. பஸ் வர்ற நேரத்துக்கு வாசலுக்கு வர்றாங்க. விசில் இல்லை, பஸ் இல்லை. இப்போ முதுகைக் காட்டலை. பாலத்தைப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க.

இதை நான் போய் அவர்கிட்ட அப்படியே சொன்னேன்.

"திரும்பியா நிக்கிறா?"ன்னார்.

"ஆமாண்ணே. பாலத்தைப் பாத்து."

மனுஷன் தோள் பையைக் கழட்டி சீட்டுல வச்சுட்டு உக்காந்துட்டார். ஏறின ஒரு அம்மா "டிக்கெட்டு, டிக்கெட்டு"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நான்தான் கிழிச்சுக் கொடுத்தேன்.

அப்புறம் பேச்சுவார்த்தை நடந்துச்சு. தூதர் நான், சட்ட ஆலோசகர் கோர்ட் சார். கண்டக்டர் தரப்பு ஷரத்து: நடுப்பாலத்துல சிவப்புக் கம்பம் வரைக்கும் நடந்து வருவேன், அதுக்கு மேல ஒரு அடி கிடையாது. அக்கா தரப்பைக் கேட்டேன். "பாலத்து முனை வரைக்கும் வரேன். அதுக்கு மேல வந்தா அம்மா கூப்பிடுறது காதுல விழாது"ன்னாங்க.

"அப்போ நடுவுல பாதிப் பாலம் மிச்சம் இருக்கே, அதை யார் பாத்துக்கறது?"ன்னார் கோர்ட் சார்.

"மொதல்ல ரெண்டு பேரும் கிளம்பட்டும் சார்"னேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை, பங்குனி மாசம், உச்சி வெயில். கண்டக்டருக்கு அந்த நேரம்தான் ஓய்வு. சவரம் பண்ணி, காக்கிச் சட்டையைத் தேய்ச்சுப் போட்டுக்கிட்டு வந்தார். கால்ல புதுச் செருப்பு. கோர்ட் சார் அதைப் பாத்து என்னைப் பாத்துக் கண்ணடிச்சார். மூணு பேரும் பாலத்துல நடந்தோம். ஒரு பக்கம் ரோட்டைச் சுரண்டிப் போட்டிருந்தாங்க. ஆத்துல வெறும் மணல்தான் தெரிஞ்சுது. அவர் சிவப்புக் கம்பத்தைத் தேடிக்கிட்டே வந்தார்.

"இன்னும் வரலையே"ன்னார்.

"வரும், நடங்க"ன்னார் கோர்ட் சார்.

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் ஒரு வேலைக்காரர் நிழல்ல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தார். கண்டக்டர் அவர்கிட்ட போய், "இங்க சிவப்புப் பெயிண்ட் அடிச்ச கம்பம் ஒண்ணு இருந்துச்சே?"ன்னு கேட்டார்.

"பழைய கம்பமெல்லாம் கழட்டியாச்சுங்க. போன வாரமே லாரியில ஏத்திட்டாங்க."

"அப்போ நடுப்பாலம் எதுங்க?"

அந்த வேலைக்காரர் சோத்துக் கையோட இவரை ஏற இறங்கப் பாத்தார். "நடந்து போங்க, எந்தப் பக்கம் போனாலும் ஊர் வந்துடும்"னார்.

இவர் தலையை ஆட்டிட்டு நடந்தார். தினம் நடந்து போற எனக்குக் கம்பம் போனது முன்னாடியே தெரியும், கோர்ட் சார்கிட்டயும் சொல்லித்தான் வச்சிருந்தேன். ஒரு நாளைக்குப் போக வரப் பதினாலு தடவை கடந்த மனுஷனுக்கு நடுப்பாலம் எதுன்னு கம்பம் சொன்னாத்தான் தெரியுமா? எப்பவோ தாண்டியாச்சு. எங்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனா ஒவ்வொரு கம்பத்துக் குழியிலயும் நின்னு, "இதுவா இருக்குமோ? இல்லை இல்லை, இன்னும் முன்னாடி"ன்னு சொல்லிக்கிட்டே முன்னாடி போய்க்கிட்டிருந்தார்.

பாலத்து முனையில அக்கா நின்னுக்கிட்டிருந்தாங்க. கையெல்லாம் மாவு. பின்னாடி கடை வாசல்ல பக்கத்துக் கடைக்காரங்க நாலஞ்சு பேர். அக்காவோட அம்மா காதுக்குக் கேக்கட்டும்னு வீட்டு ஜன்னலைத் திறந்து வச்சிருந்தாங்க.

பாலம் முடிஞ்சு ரோட்டு மண் ஆரம்பிக்கிற இடத்துல அவர் நின்னுட்டார். அக்காவுக்கும் அவருக்கும் நடுவுல பத்தடி இருக்கும்.

"செருப்பு இருக்கு, செருப்பு இருக்கு. சட்டப்படி தப்பில்லை"ன்னு கோர்ட் சார் பின்னாலருந்து மெதுவா சொன்னார்.

அவர் குனிஞ்சார். ஒரு செருப்பைக் கழட்டினார். இன்னொண்ணையும் கழட்டினார். ரெண்டையும் ஒரு கையில பிடிச்சுக்கிட்டு, வெறுங்காலை எடுத்து ஸ்ரீரங்கத்து மண்ணுல வச்சார்.

பங்குனி வெயில்ல தார் ரோட்டோரம்ங்க! ரெண்டு எட்டு வச்சதும் "அய்யய்யோ"ன்னு ஒரு குதி குதிச்சார். அடுத்த எட்டுக்கு இன்னொரு குதி. காக்கிச் சட்டையோட, கையில செருப்பை வச்சுக்கிட்டு அவர் குதிக்கிறதைப் பாத்து பக்கத்துக் கடைக்காரங்களால சிரிப்பை அடக்க முடியலை. "செருப்பைப் போடுங்கய்யா!"ன்னு ஒருத்தர் கத்தினார். அவர் போடலை. அக்கா கடைக்குள்ள ஓடிப்போய், அரிசி களைய வச்சிருந்த குடத்தைத் தூக்கிட்டு வந்து அப்படியே அவர் கால்ல ஊத்தினாங்க.

"மாப்பிள்ளைக்குக் கால் கழுவுறாங்கடோய்!"னு கூட்டத்துல யாரோ சொன்னாங்க.

அவர் நனைஞ்ச காலோட நின்னுக்கிட்டு அக்காவைப் பாத்தார். "மாவாட்ட ஒரு ஆள் வேணும்னாங்களே, அந்த வேலை இன்னும் காலியா இருக்கா?"ன்னு கேட்டார்.

எல்லாரும் சிரிச்சோம். கோர்ட் சார் குடையைக் கீழ போட்டுட்டுச் சிரிச்சார். திறந்திருந்த ஜன்னலுக்கு உள்ளேயிருந்து கூட ஒரு சிரிப்புச் சத்தம் வந்துச்சு.

அக்கா மட்டும் சிரிக்கலை. காலிக் குடத்தைக் கீழ வச்சுட்டு, அவர் கையில இருந்த செருப்பை வாங்கிக்கிட்டாங்க.